பதினொரு டேவிட் ஜான் எவன்ஸ்

எங்கள் ஊர் நன்ட்லாஸில் டேவிட் ஜான் எவன்ஸ் என்ற பெயரில் பதினொரு பேர் இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் குழியில் இறங்கியவர்களை மட்டும்தான் சொல்கிறேன். தொட்டிலில் கிடந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் நாலைந்து தேறும். பெயர் வைப்பதில் எங்கள் ஜனங்களுக்கு அப்படியொரு சிக்கனம். தாத்தா பெயர், அதை விட்டால் மாமா பெயர், அதையும் விட்டால் வேதாகமத்தில் முதலில் கண்ணில் பட்ட பெயர்.

ஆகவே ஞானஸ்நானப் பெயர் அரசாங்கத் தாளில் எழுதுவதற்கு மட்டும்தான் உதவியது. மற்ற எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர். புறா வளர்த்தவன் புறா எவன்ஸ். போதகர் தும்மினால்கூட ஆமென் சொன்னவன் ஆமென் எவன்ஸ். வேலைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தவன் குடை எவன்ஸ். பூமிக்கடியில் அரை மைல் ஆழத்தில் வேலை, அதற்குக் குடை. நான் எவன்ஸ் இல்லை, ஆனாலும் தப்பவில்லை. ஒரு கல்யாண வீட்டிலிருந்து என் தொப்பியின் மேல் இன்னொருவன் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் ரெண்டு தொப்பி. என் மனைவி நெஸ்டா கடைக்குப் போனால் 'ரெண்டு தொப்பி வீட்டம்மா'. அதற்காக அவள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது பதினொருவரில் ஒருவனைப் பற்றி. அவன் பெயர் இதோவர்றேன்.

எங்கே கூப்பிட்டாலும் 'இதோ வர்றேன்' என்பான், சாவகாசமாக வருவான். சபையில் இரண்டாம் பாட்டுக்குத்தான் உள்ளே நுழைவான். தன் கல்யாணத்துக்கே இருபது நிமிடம் தாமதம். வழியில் யாருடைய ஆடோ வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டிருந்ததாம், அதை எடுத்துவிட்டு, கோட்டு முழுக்க ஆட்டு மயிரோடு வந்து நின்றான். பெண் டெக்வென், துணிக்கடைக்காரர் மகள். பளபளவென்று இஸ்திரி போட்ட குடும்பம். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதம் சொன்னவர், பின்னாளில் அந்தப் பட்டப்பெயர் வந்தபோது ஒருநாளும் அதை வாயில் எடுக்கவில்லை. அவருக்கு அவன் எப்போதும் 'டேவிட் ஜான்'. கடையில் யாராவது, உங்க இதோவர்றேன் வந்துட்டாரா என்று கேட்டுவிட்டால் முகம் சிவந்துவிடும். சோம்பேறி என்று ஊரே தன் புருஷனைக் கேலி செய்வதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்பது குழியில் இருந்தவர்களுக்குத் தெரியும். குழியில் நடந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மேலே வந்ததும் சுரங்கத்துக் குளியலறையில் அழுக்கோடு அதையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

ஐம்பத்தெட்டாம் வருடம், மார்ச் மாதம். நான் கரி வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் கூரை இறங்கிவிட்டது. என் கால் ஒரு கல்லுக்கடியில், விளக்கு அணைந்துவிட்டது, எனக்கும் வெளி வழிக்கும் நடுவே ஒரு வீட்டளவு பாறை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு தொப்பி, இருக்கியாடா?"

இருக்கிறேன் என்று கத்தினேன்.

"இதோ வர்றேன்."

ஒன்பது மணி நேரம் அவன் அதையே சொன்னான். எப்படா வருவே என்று நான் அழுதேன், திட்டினேன், அவன் அம்மாவை இழுத்தேன். பதில் ஒன்றுதான். நான் அசந்து கண்ணை மூடினால் என் அம்மாவை இழுத்துத் திட்டி எழுப்புவான். பத்துப் பேர் மாறி மாறித் தோண்டினார்கள். அவன் மட்டும் மாறவில்லை. கடப்பாறை போட்டால் கூரை மறுபடி இறங்கும் என்பதால் கடைசிப் பகுதியைக் கையாலேயே வாரியிருக்கிறான். துவாரத்தில் முதலில் வந்தது அவன் கை. இருட்டில் அதைப் பிடித்துக்கொண்டேன். மேலே வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், அந்தக் கையில் மூன்று விரல்களுக்கு நகமே இல்லை. அதுவரை கூட நின்றவர்களில் ஒருவன் சொன்னான், "ஒம்பது மணி நேரமாவாடா இதோ வர்றே?" என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களெல்லாம் சிரித்தார்கள். படுத்துக்கிடந்த நானும் சிரித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

டெக்வென் விரல்களைப் பார்த்துக் கேட்டபோது, கரி வண்டியில் நசுங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அத்தோடு முடிந்தது.

பாடகர் குழுவிலும் அவன் அப்படித்தான். அடிக்குரல். நல்ல குரல்தான், ஆனால் பாட்டின் கடைசி வரியை எல்லோரும் முடித்த பிறகும் அவன் மட்டும் ஒரு மூச்சு கூடுதலாக இழுத்துக்கொண்டு நிற்பான். நடத்துனர் எல்வெட்டுக்கு — தோட்டக் கண்காட்சியில் மூன்றே பேர் போட்டியிட்டதில் மூன்றாம் பரிசு வாங்கியதால் பட்டாணி எல்வெட் — அது பெரிய தலைவலி. நாங்கள் பாடி முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் ஆயிற்று, நீ இன்னும் அங்கேயே நிற்கிறாயே என்பார். முப்பது வருடம் திட்டினார், அவன் திருந்தவில்லை.

எண்பத்திரண்டில் அவனுக்கு நெஞ்சில் தூசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களில் பாதிப் பேருக்கு அதுதான். அவனுக்குக் கொஞ்சம் அதிகம். கடல் காற்று வேண்டும் என்றார்கள். டெக்வெனின் தங்கை கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டு அங்கே போனார்கள்.

அவர்கள் போன இரண்டு வருடத்தில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஒரு வருடம் நின்றோம். உலையில் வைக்க ஒன்றுமில்லாமல், சபையின் கூட்டறையில் பெண்கள் போட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டு நின்றோம். பத்தாவது மாதம் குடை எவன்ஸ் வேலைக்குத் திரும்பினான். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பேருந்து, முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒன்று, உள்ளே அவன் ஒருவன். கல் எறியவில்லை நாங்கள். அவன் பெயரைப் பிடுங்கிக்கொண்டோம். கருங்காலிக்குப் பட்டப்பெயர் எதற்கு? அன்றிலிருந்து அவன் வெறும் டேவிட் ஜான் எவன்ஸ், சம்மனில் எழுதுவது மாதிரி முழுசாக. யாராவது வாய் தவறிக் குடை என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவன் திருத்துவான். தண்டனை அவ்வளவுதான், ஆனால் அவனால் ஒரு வருடம்கூடத் தாங்க முடியவில்லை. ஊரை விட்டுப் போனான். அவனும் கடல் பக்கம்தான் என்று கேள்வி. அதற்குப் பிறகு நன்ட்லாஸில் டேவிட் ஜான் எவன்ஸ் என்று முழுசாகச் சொன்னால் அது அவன் ஒருவன்தான். மற்ற பத்துப் பேரை அப்படி அழைப்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

இது எதுவும் டெக்வெனுக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்றில் நான் ஒருமுறை அவர்களைப் பார்க்கப் போனேன். ஊருக்குக் குழியும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. ஆனாலும் போக இத்தனை நாளாகிவிட்டது. வீட்டின் முன்பக்கம் முழுக்கக் கடல். காசு கொடுத்து ஜனங்கள் பார்க்க வருகிற கடல். அவனோ பின்பக்கச் சமையலறை ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து எங்கள் மலைகளின் விளிம்பு தெரியும். டெக்வென் தினமும் காலையில் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பி வைப்பாராம். மத்தியானத்துக்குள் அது பின்பக்கம் வந்துவிடுமாம்.

பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தித்தான் பேசினான். ஊரில் மழை எப்படி என்றான். பாலத்தடியில் இன்னும் தண்ணீர் கறுப்பாகத்தான் ஓடுகிறதா என்றான். சுரங்கம் மூடியபின் தெளிந்துவிட்டது, மீன்கூட வருகிறது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தான் இல்லாத சமயத்தில் யாரோ வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டான். பிறகு, மலைமேல் அடக்கத்துக்கு இன்னும் பாடுகிறீர்களா என்று கேட்டான். பாடுகிறோம், இருபத்திரண்டு பேர் மிச்சம் என்றேன்.

எங்கள் ஊர் அடக்கத்துக்கு ஆண்கள் மட்டும்தான் மேலே போவார்கள். பெண்கள் கீழே கூட்டறையில், இறங்கி வருபவர்கள் சாப்பிடப் பன்றிக்கறி ஹாம் வெட்டி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு இருப்பார்கள். மேலே பாடுவது காற்று வாக்கில் கீழே கேட்கும். அவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். டெக்வென் தன் அப்பாவையும் அம்மாவையும் அப்படித்தான் அனுப்பினார், கையில் கத்தியோடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவன் மனைவியைப் பார்த்துச் சொன்னான், "நீ கீழ ஹாம் வெட்டிக்கிட்டு இருப்பே. காது குடுத்துக் கேளு. எல்லாரும் முடிச்சப்புறம்... ஒருத்தன் மட்டும் இழுத்தா... அது நான்னு நெனச்சுக்கோ."

"நீங்க எல்லாத்துக்கும் லேட்டு. இதுக்கும் லேட்டாவே போங்க, போதும்" என்றார் டெக்வென். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கிளம்பும்போது, அடுத்த மாதம் மறுபடி வருகிறேன் என்று சொன்னேன். இரண்டு பேருந்து மாற வேண்டும், முழங்கால் வலி, மழை. இரண்டு வருடம் ஆயிற்று. ஒன்பது மணி நேரம் இதோ வர்றேன் என்று சொல்லி வந்து சேர்ந்தவன் அவன். அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்தவன் நான். அந்த இரண்டு வருடத்தையும் இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூற்று மூன்று நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, மாவட்டப் பத்திரிகையில் இரண்டு அங்குல விளம்பரம் வந்தது. 'நன்ட்லாஸைச் சேர்ந்த டேவிட் ஜான் எவன்ஸ், வயது 71, கடற்கரை இல்லத்தில் காலமானார். அடக்கம் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, நன்ட்லாஸ் மலைக் கல்லறைத் தோட்டம். ஆண்கள் மட்டும்.'

டெக்வென் தன் கையால் எழுதிக் கொடுத்தது. ஊரில் கூப்பிட்ட பெயரையும் போடலாமே என்று தங்கை சொன்னாளாம். வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தது போதும், கடைசியாக ஒருமுறையாவது அவர் பெயர் மரியாதையாக வரட்டும் என்று டெக்வென் மறுத்துவிட்டார்.

தொழிலாளர் மன்றத்தில் உட்கார்ந்து நாங்கள் அதைப் படித்தோம். புறா எவன்ஸ் சத்தமாகப் படித்தான். பெயரைக் கேட்டதும் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. முழுப் பெயர், கடற்கரை, ஏறக்குறைய அதே வயது. கருங்காலி செத்துவிட்டான், இங்கே புதைக்கக் கொண்டுவருகிறார்கள், என்ன துணிச்சல்! பாடப் போவதா வேண்டாமா என்று பட்டாணி எல்வெட் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"அவனுக்கு யாரு பாடுறது? காக்கா பாடட்டும்" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் சவ வண்டி போனால் எல்லா வீட்டுத் திரைச்சீலையையும் இழுத்து மூடுவார்கள், அதுதான் மரியாதை. அன்று ஒருவரும் மூடவில்லை. மன்றத்து ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். வண்டி, அதன் பின்னால் ஒரே ஒரு கார். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு டாமினோ ஆட்டத்தைத் தொடர்ந்தேன். மலைமேல் போனவர்கள் கடலோரத்திலிருந்து கூட வந்த போதகர், டெக்வெனின் தங்கை புருஷன், பெட்டி தூக்க வந்த வெளியூர் ஆட்கள் நாலு பேர்.

கூட்டறையின் சாவி நெஸ்டாவிடம் இருக்கும். சவப்பெட்டிக் கடைக்காரர்கள் முந்தின நாளே ஆள் அனுப்பி அதை வாங்கிப் போயிருந்தார்கள். இரண்டரை மணிக்கு, கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். கருங்காலி வீட்டுப் பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கடுப்பு அவளுக்கு.

உள்ளே எண்பது பேருக்கான ஹாம் ரொட்டி, ஈரத்துணி போட்டு மூடியபடி. தட்டுகள், கோப்பைகள், கொதித்து ஆறிப்போன தேநீர்ப் பானை. ஜன்னல் திறந்திருந்தது. தூறல் உள்ளே அடிக்க, கறுப்புக் கோட்டோடு டெக்வென் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"நெஸ்டா, காத்து மாத்தி அடிக்குதா?" என்று கேட்டார். "பாட்டு கேக்கவே இல்லையே."

நெஸ்டா நேரே மன்றத்துக்கு ஓடிவந்தாள். ஆண்கள் குடிக்கும் கூடத்துக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் காலடி வைத்ததில்லை. அவள் நடுக்கூடத்தில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது.

"மேல போனது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "இதோவர்றேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த நகமில்லாத விரல்கள்தான் ஞாபகம் வந்தன. புறா எவன்ஸ் பத்திரிகையை மறுபடி எடுத்து அந்த இரண்டு அங்குலத்தைப் படித்தான், எழுத்து மாறியிருக்குமோ என்பது போல. நெஸ்டாதான் மேசையில் அறைந்து எங்களைக் கிளப்பினாள்.

கறுப்பு டை கட்டப் போக நேரமில்லை. பட்டாணி எல்வெட் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாக ஓடினார். நான் கூட்டறைக்குப் போனேன். யாராவது போய்ச் சொல்ல வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கருங்காலியின் பெயரைப் பிடுங்கியதையும், விளம்பரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதையும்.

"அவரு பேரைத்தான போட்டேன்" என்றார் டெக்வென்.

"அது அவன் பேரு இல்லீங்க."

"நீங்க கேலி பண்ற பேரு மட்டும்தான் அவரு பேரா?"

அப்போதுதான் அந்த ஒன்பது மணி நேரத்தைச் சொன்னேன். முப்பத்தைந்து வருடமாக வீட்டில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். என் பின்னால் வந்து நின்ற நெஸ்டாவுக்கும் அது புதுசு. டெக்வென் தன் வலது கையின் மூன்று விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கரி வண்டின்னு சொன்னாரு" என்றார். "நான் நம்பினேன்."

மேலே வாருங்கள் என்றேன். பெண்கள் எப்படி வருவது என்றார். வாசலில் நின்ற ஆமென் எவன்ஸும் அதைத்தான் சொன்னான், வழக்கம் இல்லையே என்று. நெஸ்டா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "அடக்கம் ஒரு மணிக்கே முடிஞ்சுபோச்சு" என்றாள். "இப்ப நடக்கறது அடக்கம் இல்ல. யாரு வேணா வரலாம்."

மலை ஏறினோம். தூசி தின்ற நெஞ்சுகளோடு நூறு அடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினோம். பாடகர் குழு, சமையல் கையோடு வந்த பெண்கள், கோட்டில் புறா இறகு ஒட்டிய ஆட்கள், எல்லோரும். எழுபது பேருக்குக் குறையாது. மண் தள்ளி முடித்துவிட்டிருந்தார்கள். வேலிக்கம்பியில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

டெக்வென் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு நொடி தயங்கினார். பிறகு உள்ளே வந்து ஈர மண்ணின் தலைமாட்டில் நின்றார். அவர்தான் முதலில் பேசினார்.

"இதோவர்றேன்" என்றார், கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக. "உங்க ஆளுங்க வந்துட்டாங்க. லேட்டுதான்."

பட்டாணி எல்வெட் கையைத் தூக்கினார். பாடினோம். பாதி வரிகளில் மூச்சு போதவில்லை, இருந்தாலும் மேல்குரலிலிருந்து அடிக்குரல்வரை நாலு வகைக் குரலும் சேர்ந்தபோது அந்த மலையே எங்களோடு நின்றது. நான் பாடினேனா அழுதேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கடைசி வரி வந்தது. எல்வெட்டின் கை இறங்கியது. நாங்கள் நிறுத்தினோம்.

ஒரு குரல் நிற்கவில்லை. மெல்லியதாக, நடுங்கிக்கொண்டு, ஒரு மூச்சு கூடுதலாக அது இழுத்துக்கொண்டே போனது. டெக்வென். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எல்வெட் இறங்கிய கையை மறுபடி மெதுவாகத் தூக்கி, அந்த மூச்சு தானாக முடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் கீழே போய் ஹாம் ரொட்டி சாப்பிட்டோம். எண்பது பேருக்கு வைத்ததில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. கல்லில் இரண்டு பெயரையும் வெட்டச் சொன்னார் டெக்வென். பட்டப்பெயரைப் பெரிய எழுத்தில். நான் இப்போது மாதம் ஒருமுறை இரண்டு பேருந்து மாறி அவரைப் பார்க்கப் போகிறேன். சமையலறை ஜன்னலருகே அந்த நாற்காலி மலையைப் பார்த்தபடியே இருக்கிறது. இப்போது அதில் அவர் உட்காருகிறார். குழியில் நடந்ததை ஒன்று விடாமல் கேட்கிறார், நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன். காக்கா பாடட்டும் என்று நான் சொன்னதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.